பூஜ்யம்

மேத்தா சமவெளி, மார்ச்.
குழிக்கு இவ்வளவு என்று கூலி.
மேட்டிலிருந்து மொரிச்சே பனைகள் நிற்கும் சதுப்புவரை
கயிறு பிடித்து இறங்குகிறோம்,
எவுதோரோ மண்வெட்டியோடு,
நான் நோட்டோடு.

உச்சியில் மண் சுட்ட செங்கல்.
வெட்டு விழாமல் துள்ளியது.
புழு இல்லை. எழுதினேன்: பூஜ்யம்.
அடுத்த குழியிலும் அதுவே, அதற்கடுத்ததிலும்.
"பூஜ்யத்துக்குக் கூலி உண்டா, நெரெய்தா?"
உண்டு.

நாலாவது குழி.
ஒன்றரை முழத்துக்குக் கீழே ஓர் அறை,
எலுமிச்சை அளவு,
சுவர் வழவழவென்று பூசியிருந்தது.
வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிட்டுத்
தன்னையே முடிச்சுப் போட்டுக்கொண்டு
உள்ளே ஒரு மண்புழு.
தொட்டேன்.
முடிச்சு கொஞ்சம் இறுகியது. அவ்வளவுதான்.

பனையோரத்தில் வழக்கு வேறு.
மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர்.
காய்ந்தால் சாவு, ஊறினாலும் சாவு.
அதனால் தின்ற சேற்றைக் குவித்துக் குவித்து
அதன்மேல் ஏறி மூச்சு வாங்குகின்றன.
நாங்கள் திட்டிக்கொண்டே கடக்கும் மேடுகள்,
குதிரை கால் இடறும் அத்தனை மேடுகளும்,
அந்த மூச்சுதான்.

பத்தொன்பதாம் தேதி இரவு ஒரு மழை.
மண்வாசனை.
விடிவதற்குள் ஊரே விதைப்பெட்டியைத் திறந்தது.
நானும் கடன் வாங்கிய சோளத்தில் பாதியைத் தூவிவிட்டுத்தான்
வேலைக்குப் போனேன்.
ஐந்தாவது குழி:
நாலு விரல் ஈரம். கீழே மாவு மாதிரிப் புழுதி.
முடிச்சு அவிழவில்லை.
"மாற்றம் இல்லை" என்று எழுதினேன்,
என் கையால், தெளிவான எழுத்தில்.
எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்
மீதிப் பாதியையும் விதைத்தேன்.

பன்னிரண்டு நாள் வெயில்.
முளைத்ததைச் சூடு தின்றது,
முளைக்காததைப் புறாக்கள்.

ஏப்ரல் கடைசியில் மூன்று இரவு
விடாமல் பெய்தது.
கதவருகே பிழிந்துவிட்ட மாவுபோல்
ஈரமான எச்சக் குவியல்கள், நேற்று இல்லாதவை.
நான் நம்பவில்லை.
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு
நாலாவது குழிக்குப் பக்கத்தில்,
கூலி இல்லாமல்,
ஒன்றரை முழம் தோண்டினேன்.

வழவழப்பான அறை அப்படியே இருந்தது.
அடைப்பு உடைந்திருந்தது.
உள்ளே ஒன்றும் இல்லை.

பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு
எவுதோரோ வீட்டுக்கு நடந்தேன்,
இன்னொரு படி சோளம்
கடன் கேட்க.