முப்பத்துநாலாம் கிழமை

ஆஸ்பத்திரி வீதி ஹொட்டேலின் மூன்றாம் மாடி.
ஏசிக் குளிரில் மிதுர்சிகா என் சீலைத் தலைப்புக்குள்.
அழைப்பில் போட்டிருந்தது:
குடும்பத்தோடு வரவும், இராச்சாப்பாடு இலவசம்,
வந்தவர்க்கு ஒரு பிளாஸ்க்கும் உண்டு.

அனுஷன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவர்
வெள்ளவத்தைத் தமிழில் கடலை விற்றார்.
கொறிக்கிற கடலை இல்லை, பெந்தோட்டைக் கடலை.
வருசத்தில் ஒரு கிழமை. இருபத்தைந்து வருசம்.
கட்டில் இரண்டு, குசினி ஒன்று, நீச்சல் தடாகம் பொது.
"அக்கா, நீங்கள் வாடகைக்காரர் இல்லை, சொந்தக்காரர்."

சொந்தம் என்ற சொல்லைக்
காலை எட்டரை முதல் நாலரை வரை
தட்டச்சில் அடிக்கிறவள் நான்.
நொத்தாரிசு கந்தோரில் பதினாறு வருசம்.
கிழக்கு: ஒழுங்கை.
மேற்கு: மயில்வாகனம் மனைவி பரமேசுவரியின் காணி.
எல்லை நாலும் சொல்லாத சொந்தத்துக்கு
முத்திரை ஒட்டிப் பழக்கமில்லை.
"உங்கட கிழமைக்கு எல்லை என்ன தம்பி?"
"முப்பத்துநாலாம் கிழமை, அக்கா."
விரல் மடக்கி எண்ணினேன். ஓகஸ்ட் கடைசி.
அனேகமாக நல்லூரில் கொடி நிற்கும்,
எங்கள் வீட்டில் மீன்சட்டி கவிழ்ந்து கிடக்கும்.
அங்கே இரவெல்லாம் கடலுணவு பஃபேயாம்.

இரகுபரன் ஒன்றும் கேட்கவில்லை.
மின்சார சபைக்கு மீற்றர் வாசிக்கிறவன்,
நாளுக்கு நூற்றைம்பது படலை,
அதில் அரைவாசிக்கு நாய்.
சுவரில் ஓடிய படத்தில் எவனோ ஒருவன்
சாய்மனைக் கதிரையில் கால் நீட்டியிருந்தான்.
இவன் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பையோடு வீட்டைவிட்டுப் போனது எங்களுக்கும் உண்டு,
சின்ன வயதில், நாலைந்து தரம்.
போன இடத்தில் எவரும்
றூம் திறப்பை நீட்டி வரவேற்கவில்லை.

பிளாஸ்க் பெட்டியின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பதினெட்டு இலட்சம்:
கூரை மாற்றவென்று நோர்வே மச்சாள் அனுப்பியது,
சதம் பிசகாமல் அவ்வளவும்.
அதற்கு மேல் பராமரிப்பு, வருசம் அறுபத்தையாயிரம்,
அதுவும் ஏறும் என்று எறும்பெழுத்தில்.
ஓர் இரவுக்குப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம்.
அந்தக் காசை வங்கியில் நிலையாய்ப் போட்டால்
எட்டு வீத வட்டியிலேயே போய்ப் படுத்து வரலாம்,
விரும்பின மாதத்தில்.
முதல் கிடந்த இடத்தில் கிடக்கும்.

பெட்டியைத் திருப்பிக் காட்டினேன்.
அனுஷன் சிரித்தபடி பதினாலுக்கு இறங்கினார்.
நாங்கள் எழும்ப, பன்னிரண்டரை.
லிஃப்ட் வாசலில், இன்றைக்கு மட்டும், பதினொன்று.
இன்னும் இரண்டு மாடி இருந்திருந்தால்
சும்மா தந்திருப்பாரோ என்னவோ.

ஸ்கூட்டியில் மூன்று பேர். எனக்கு வென்ற வாய்.
"சொந்தமெண்டால் உரும்பிராய்க் கிணறு மாதிரி இருக்கவேணும்.
ஆறில ஒரு பங்கு, வழி வாய்க்கால்,
வியாழன் பின்னேரம் எங்கட முறை.
எல்லாம் உறுதியில கிடக்கு."
என் சீதனம் அது.
சிக்னலில் காலூன்றி நின்றவன்
திரும்பாமலே கேட்டான்:
"நாங்கள் எத்தினை தரம் இறைச்சனாங்கள்?"

பச்சை விழுந்தது.
பதினொரு வருசம். ஒரு வாளி இல்லை.
எங்கள் வியாழக்கிழமைகள்
யாருடைய வெங்காயத்துக்குப் பாய்ந்தன என்றுகூடத் தெரியாது.

கையெழுத்து வைக்கவில்லை. அதில் மாற்றமில்லை.
பிளாஸ்க்கைக் கந்தோருக்குக் கொண்டுபோகிறேன்,
மூடி இறுகாது,
பத்து மணிக்கே தேத்தண்ணி ஆறிவிடுகிறது.
கடல் போட்ட அந்தத் தாளை
அவன் ரீவிக்குக் கீழே செருகி வைத்திருக்கிறான்.
கூட்டும்போது காண்கிறேன். எடுப்பதில்லை.

சித்திரை லீவில் ஒரு கிழமையைக்
கலண்டரில் பென்சிலால் வளைத்திருக்கிறேன்.
எங்கே என்று மிதுர்சிகா கேட்கிறாள்.
எல்லை இன்னும் எழுதவில்லை.