ஓரக்கண்

நேரே பார்த்தால் நீங்கள் இல்லை.
காது இருக்கிறது, கழுத்து இருக்கிறது,
முகமிருந்த இடத்தில் ஒரு தேத்தண்ணிக் கறை.
உங்கள் தோளுக்கு அப்பால் நிற்கிற
பாலை மரத்தைப் பார்த்தால்
மெல்ல மெல்ல வந்து சேருகிறீர்கள்.
கிளிநொச்சிக் கண் கிளினிக்கில் பழக்கிவிட்ட பார்வை இது.
ஒலுமடுத் தேத்தண்ணிக்கடைக்கு இது தெரியாது.
அறுபத்து மூன்று வயதில்
ஓரக்கண்ணால் பார்க்கிற ஆள் என்று
அங்கே எனக்கொரு பெயர்.
இருக்கட்டும்.
குருடன் என்பதை விட இது வடிவு.

மாங்குளம் முல்லைத்தீவு பஸ்ஸில்
இருபத்தாறு வருசம் கொண்டக்டர் நான்,
பஸ் ஓடாத வருசங்களையும் சேர்த்து.
ஒரு கை கம்பியில்,
மற்றக் கை இருட்டில் சில்லறை எண்ணும்.
விரலுக்கு அப்போதே கண் இருந்தது,
கண்ணுக்குத்தான் அது தெரியாது.
இப்பவும் தாளை விரலிடுக்கில் வைத்து அளக்கிறேன்.
இருபது கட்டை.
ஐயாயிரம் நீளம்,
அது என்னிடம் வந்தால்தானே.

சீனிப் போத்தலுக்கு ஒரு ரப்பர் வளையம்,
உப்புக்கு இரண்டு.
மிளகாய்த்தூளுக்கு ஒன்றும் வேண்டாம், மூக்கிருக்கிறது.
காஸ் அடுப்புக் குமிழில் ஒரு சொட்டு நகப்பூச்சு,
காய்ந்து பரு மாதிரி நிற்கும்,
பரு மேலே வந்தால் நெருப்பு இல்லை.
வெறும் தேத்தண்ணிக்கு வெள்ளைக் கோப்பை.
சோற்றுக்கு நீலத் தட்டு,
வெள்ளைத் தட்டில் சோறு ஒளித்துப் பிடித்து விளையாடும்.
படி விளிம்பில் மஞ்சள் நாடா.
முன்பும் இந்தக் காணியில் நாடா கட்டியிருந்தார்கள்,
மிதிவெடி எடுக்க வந்தவர்கள்.
அது, காலை வைக்காதே என்றது.
இது, இங்கேதான் வை என்கிறது.

பங்குனியில் தங்கையின் மருமகள் துஷாந்தி
வவுனியாவிலிருந்து வந்து
இரண்டு நாள் குசினியைக் கழுவினாள்.
ஒரே அளவில் ஆறு புதுப் போத்தல்,
ஒரே மூடி, ஒரே வரிசை.
"வளையமெல்லாம் பிசுபிசுத்துப் போச்சு மாமா,
எறிஞ்சிட்டன்.
இப்ப பார்க்க எவ்வளவு வடிவு."

பார்க்க.

பின்னேரம் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.
வெள்ளைக் கோப்பை, அளவான சாயம்,
மூன்று கரண்டி உப்பு.
ஒரு வாய் குடித்தாள்.
கொஞ்ச நேரம் காகம் மட்டும் கத்தியது.
"நல்லா இருக்கு மாமா."

அதன்பிறகு என்னுடைய கோப்பையைக் குடித்தேன்.
கோபம் வந்தது.
உப்புக்கு அல்ல.
அந்த "நல்லா இருக்கு"க்கு.
"துப்பு பிள்ளை," என்றேன்.
வாழையடியில் போய்த் துப்பினாள்.
அழுதாளா சிரித்தாளா,
ஓரக்கண்ணுக்கும் அகப்படவில்லை.
பிறகு தலைமயிரில் போட்டிருந்த வளையத்தைக் கழற்றி
"எது சீனி மாமா?" என்று கேட்டாள்.
நக்கிப் பார் என்றேன்.
இன்றைக்கும் என் சீனியில்
லேசாக நல்லெண்ணெய் மணக்கும்.

போனுக்குள்ளும் ஒருத்தி இருக்கிறாள்.
நேரம் சொல்வாள், கடிதம் வாசிப்பாள்,
கெட்டிக்காரி, ஆனால் வன்னிப் பிள்ளை இல்லை.
கரிப்பட்டமுறிப்பை
மூன்று இடத்தில் முறிக்கிறாள்.

பஸ் பலகை எனக்கு வாசிபடாது.
இரைச்சலைக் கேட்டு வெள்ளைப் பிரம்பை நீட்டுவேன்.
இப்போதைய பெடியன் இடங்களைக் கூவுவதில்லை,
காதில் எதையோ செருகியிருக்கிறான் என்கிறார்கள்.
முன்சீட்டில் இருந்து
மதகுகளை எண்ணி, வளைவுகளை இடுப்பால் அறிந்து
நானே கூவினேன்:
ஒட்டுசுட்டான், ஒட்டுசுட்டான் இறங்கு!
பின்னால் இரண்டு சோடிச் செருப்பு இறங்கியது.
எனக்காகவா, எப்படியும் இறங்கத்தானா, தெரியாது.

பெடியன் வந்தான். தாளை அளந்து கொடுத்தேன்.
மிச்சத்தை உள்ளங்கையில் கொட்டிவிட்டுத் திரும்பினான்.

"தம்பி,
அஞ்சு ரூபா குறையுது."