சேதம் ஏதுமுண்டா

திரும்பி வரும் கூடாரங்களைப்
பிரித்துப் பார்ப்பது என் வேலை.
லிங்கராஜபுரத்தில், டயர் கடைக்கு மேலே,
மொட்டைமாடியில்.

காவிரிக்கரைக்குப் போய்வந்தவை
ஜிப்பைத் திறந்ததுமே பேசத் தொடங்கும்:
பிரியாணி எண்ணெய், பீர் மூடி,
ஒருமுறை ஒற்றைக் கொலுசு,
சிகரெட் சுட்ட ஓட்டைகள்.
ஓட்டைகளுக்கு நான் எண் போடுவேன்.
புட்டராஜு சார் முன்பணத்தில் கழிப்பார்.

இது ஜாம்பேசி ஆற்றுக்குப் போய்வந்தது.
பன்னிரண்டு நாள் வாடகை.
முளைகள் பதினான்கு. எண்ணினேன்.
பதினான்கு.
ஒன்று மட்டும் வளைந்திருந்தது.

"அது என் தப்பு" என்றார் ஜெசிந்தா மேடம்.
"முதல் நாள் சாயங்காலம்,
தண்ணீருக்கு நாற்பது அடி தள்ளி
புல்லே இல்லாமல் ஓர் இடம்,
நமக்கென்றே பெருக்கி வைத்த மாதிரி.
அடித்துக் கட்டி, டீயும் கொதித்துவிட்டது.
அப்புறம்தான் பார்த்தேன்
இரண்டு பள்ளம், நடுவில் வரப்பு.
நீர்யானை மேயப் போகிற தடம்."

இருட்டுமுன் பிடுங்கினார்களாம்.
அந்த அவசரத்தில் வளைந்தது.
விடிந்து போய்ப் பார்த்தால்
முளை பிடுங்கிய குழியின் மேல்
சோற்றுத்தட்டு அகலத்துக்கு
நாலு விரல் பாதம்.
சொல்லிவிட்டுச் சிரித்தார்.
கை மட்டும் கவுண்டர் விளிம்பை
விடாமல் பிடித்திருந்தது.

பழம் எதுவும் கொண்டுபோகவில்லை,
ஆரஞ்சு வாசம் யானைக்கு அழைப்பிதழ்.
விறகு பொறுக்கவில்லை, ஸ்டவ்தான்.
பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட
ஆற்றைப் பார்க்கவில்லை.
வடிகட்டிய டீத்தூளைப் பையில் கட்டி
ஹராரே வரைக்கும் மடியில் வைத்திருந்தாராம்.
பக்கத்து சீட்டுக்காரர் சாப்பாடு என்று நினைத்து
ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார்.

படிவத்தில் கடைசி வரி:
சேதம் ஏதுமுண்டா?
முளை ஒன்று, அறுபது ரூபாய்.
சில்லறையாக எண்ணிக் கொடுத்தார்.

பாதிப் படி இறங்கியவர் திரும்பினார்.
"தட்டிக் கழுவித்தான் கட்டினேன்.
இருந்தாலும் தையல் மடிப்புகளைப் பாருங்கள்.
புல் விதை ஏதாவது ஒட்டியிருந்தால்
மாடியிலிருந்து ஊதிவிடாதீர்கள்.
எரித்துவிடுங்கள்."

பத்து வருடமாக நான்
ஊதித்தான் விட்டிருக்கிறேன்.

மதியம் பூராவும் ஊக்கு முனையால்
மடிப்பு மடிப்பாக.
வாசல் ஜிப்பின் கீழ்த்தையலில்
மீன்முள் போல ஒன்று,
வாலை முறுக்கிக்கொண்டு.
உள்ளங்கையில் வைத்தேன்.
வியர்வை ஈரம் பட்டதும்
மெதுவாக, தன் அச்சில்,
திரும்பத் தொடங்கியது.
மண் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஹெண்ணூர் பக்கம் வானம் கறுத்துவிட்டது.
தீப்பெட்டி நமத்திருந்தது.
முதல் குச்சி வெறும் புகை.
இரண்டாவது ஒடிந்தது.
கீழே யாரோ டயரை உருட்டிப்போகும் சத்தம்.
அது இன்னும் என் கையில்
திரும்பிக்கொண்டிருந்தது.

மூன்றாவது பிடித்தது.