பிழை வட்டம்

ஒன்பது மணி நேரத் திறப்பில்
இருபத்தொரு துகள்கள்.
அவ்வளவுதான் வந்து சேர்ந்தது.
ஊடுகதிர்ப் படத்தில் ஒரு மங்கல் புள்ளி.
நான் வைத்த பெயர் பதினேழு.

அதைச் சுற்றிக் கணினி வரைந்தது
அரை விகலை ஆரத்தில் ஒரு பச்சை வட்டம்:
இதற்குள் எங்கோ, தொண்ணூற்றைந்து விழுக்காடு உறுதி.
அதே இடத்தைக்
கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால்
வட்டத்துக்குள் ஏழு விண்மீன்கள்,
காலை எட்டு மணி ஜூரோங் ஈஸ்ட் நடைமேடையாய்
தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

இதில் கொதிப்பது எது?

கெண்ட் ரிட்ஜ், மூன்றாம் மாடி, மணி இரண்டரை.
குளிர்சாதனம் பதினொன்றுக்கே நின்றுவிட்டது.
கொத்து இப்போது தெற்கே,
புக்கோம் தீவு ஆலையின் தீக்கொழுந்துக்கு மேல்
பதினாறு பாகையில் நிற்கிறதாம்.
மென்பொருள் சொல்கிறது.
சன்னலில் ஆரஞ்சு மேகம்தான்.
ஒருநாளும் நேரில் கண்டதில்லை அதை.
அதன் ஏழாயிரம் பேரைத் தனித்தனியே தெரியும்.

இரண்டு தொலைநோக்கிகளும்
வானத்தின் முகவரியில் ஒத்துப்போவதில்லை.
முன்பே தெரிந்த ஓர் இரட்டையைப் பிடித்துக்கொண்டு,
பசை காயாத சுவரொட்டியைப் போல
படத்தைக் கொஞ்சம் மேற்கே நகர்த்தினேன்.
பத்துப் பொருத்தம் இங்கே கிடையாது.
இடம், நிறம், துடிப்பு.

கியான் பூன் சிவப்பைச் சொன்னான்:
'நட்ட நடுவில் இருக்கிறதே, போதாதா?'
நான் ஓரத்தில் ஒண்டியிருந்த நீலத்தை.
மற்ற ஆறும் வயதுக்கேற்ற மஞ்சளும் சிவப்புமாய் இருக்க
இது மட்டும் நீலம்,
மணிக்கு மணி நடுங்குகிற நீலம்.
ஒரு வெண்குள்ளன் தன் துணையை உறிஞ்சிக் குடிக்கிறது,
அந்தச் சூடுதான் இது என்று
கதையை முடித்தே வைத்திருந்தேன்.
பந்தயம் ஒரு கோப்பி-ஓ கோசோங்.

கிருமி ஆண்டில் எனக்குப் பகுதிநேர வேலை,
பூன் லே கடைத்தொகுதி வாசலில்
வெப்பக் கேமராவுக்குப் பின்னால்.
திரையில் முகம் இருக்காது, நிறம்தான்.
ஒரு மாலை, சிவப்பாய் ஒன்று கடந்தது.
நிமிர்ந்தால் ஏழெட்டுப் பேர்,
எல்லோருக்கும் கவசம்.
கை நீட்டினேன்.
மொஃபிஸுல், என்றது அவர் அட்டை.
வரிசை அவரைவிட்டு இரண்டடி விலகியது.
அரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில்.
மூன்று முறை அளந்தும்
முப்பத்தாறு புள்ளி நான்கு.
பிறகுதான் பார்த்தேன்,
மார்போடு அணைத்திருந்தார்
கயிறு கட்டிய இரண்டு கோப்பிப் பைகளை.
ஆறிப்போயிருந்தன.
ஆள் சரி. சூடும் உண்மை.
காய்ச்சல் மட்டும் என்னுடையது.

மூன்றரைக்குப் பழைய படம் இறங்கி முடிந்தது,
பத்து ஆண்டுக்கு முந்தையது.
மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.
கொத்து நகர்கிறது, மொத்தமாய், மயிரிழை.
ஆறும் கூடவே.
நீலம் நின்ற இடத்தில் நிற்கிறது.

நான்கு முறை. ஐந்து முறை.

அது இந்தக் கூட்டத்தில் இல்லை.
கொத்தே ஒரு கொசுவலையாகிவிடும் தொலைவுக்கு அப்பால்
வேறொரு மண்டலத்தின் நடுவே
எதுவோ எதையோ விழுங்குகிற வெளிச்சம்,
தற்செயலாய் நம் பார்வைக் கோட்டில்.
இருபத்தொரு துகளும் அதனுடையவையாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு என்றிருந்த தலைப்பைப் பதினொன்று ஆக்கினேன்.
அட்டவணையில் ஒரு வரி பிடுங்கப்பட்டுப்
பின்னிணைப்புக்குப் போனது:
'கொத்தைச் சேராதவை.'
அங்கே முன்பே நான்கு பேர்.

கியான் பூனுக்குச் செய்தி:
உன்னுடையதும் இல்லை, என்னுடையதும் பாதிதான்.
அவன் தூங்கவில்லை போலும்.
அப்படியானால் கோப்பி யார் வாங்குவது, என்றான்.

ஆறு மணிக்குக் கிளமெண்டிக் கோப்பிக் கடை.
இரண்டு பைகள், விரலில் கயிறு.
பேருந்தில் உட்கார இடமில்லை.
மார்போடு அணைக்காமல்
எல்லோர் கண்ணிலும் படும்படி
தூக்கிப் பிடித்தபடியே வந்தேன்.