கீழே ஓடும் வரி

லண்டன்பேட்டையில் மாடியறை.
கீழே பரோட்டாக் கல்லின் சத்தம், மேலே நான்,
நடுவில் ஒயர் மூட்டையும் அதில் குடியிருக்கும் பல்லியும்.
ஒன்பதரைக்குக் கொலைத் தொடர் ஆரம்பிக்கும்.
பிணத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்தை
அடிப்பவன் நான்.
ஒரு வரி ஒரு வாரத்துக்கு ஐநூறு.
மற்ற நேரமென்றால் இருநூறு.
வெட்டுக்குத்துக்கு மவுசு.

சென்னையிலிருந்து ஒரு தாள் வந்திருந்தது,
இந்தத் தொடரை யார் பார்க்கிறார்கள் என்று
ஆளையே பார்க்காமல் எழுதியது.
பெண். இருபத்திரண்டிலிருந்து நாற்பது.
ஃப்ரிட்ஜ் உண்டு, ஸ்கூட்டர் உண்டு,
சோப்பு எது என்று முடிவெடுப்பவர்.
‘பயப்படுவார், சேனலை மாற்ற மாட்டார்’ என்ற
கடைசி வரியை மட்டும்
யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்.

கழுத்தறுபட்ட காட்சி முடிந்ததும் சலவைத்தூள்,
எப்பேர்ப்பட்ட கறையும் போகும் என்று சிரிக்கிற ஒருத்தி.
பிணவறை முடிந்ததும் முகத்துக்குக் கிரீம்.
சாட்சி பல்டி அடித்ததும் ஆயுள் காப்பீடு.
என் பங்குக்கு நானும்
ராயக்கோட்டை ரோடு போர்வெல்,
மாங்கூழ் கம்பெனிக்கு ஆள் தேவை சாப்பாடு உண்டு,
நகைக்கடன் கிராமுக்கு இவ்வளவு என்று
துப்பாக்கி பிடித்த கைக்கடியில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திம்மராயன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
வேப்பனப்பள்ளிப் பக்கம். மூன்று பஸ் மாறியிருக்கிறார்.
சட்டைப்பையில் ரேஷன் கார்டுக்குள் மடித்த போட்டோ.
மோனிஷா. பத்தொன்பது.
பர்கூர் ஷூ கம்பெனி வண்டியில் ஏறினாள்,
சாயங்கால வண்டியில் இல்லை.
செய்தி நேரத்தில் காசில்லாமலே போடுகிறேன் என்றேன்.

‘செய்திய எவன் சாமி பாக்கறான்.
அந்த வெட்டுக்குத்துல போடு.
எங்க இருந்தாலும் ஒம்போதரைக்கு
அவ அதத்தான் பாப்பா.’

தாள் சொன்ன வயதுக்கு மூன்று குறைவு.
ஃப்ரிட்ஜ் இல்லை.

பத்தும் இருபதுமாக ஐநூறு எண்ணி வைத்தார்.
காணவில்லை, உயரம் ஐந்தடி, மாநிறம் என்று
அடிக்க ஆரம்பித்தவனை நிறுத்தினார்.
‘அதெல்லாம் அவளுக்கே தெரியும்.’
கொஞ்ச நேரம் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
‘அடிக்க மாட்டேன்னு போடு.’

போட்டேன்.
மோனிஷா, அப்பா அடிக்க மாட்டேன். போன் பண்ணு.

அன்று ராத்திரி கால்வாயிலிருந்து ஒரு பெண்ணைத் தூக்கினார்கள், தொடரில்.
அவள் தலைமுடி சொட்டச் சொட்ட
கீழே அந்த வரி போனது.
மத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.
‘அது கதையா நெசமாண்ணா?
கதைன்னா சொல்லிடுங்க, தூங்கணும்.’
பூட்டுக்கடை சம்பங்கி கூப்பிட்டார்.
‘அந்தப் பொண்ணு லைன் முடிஞ்ச கையோட
நம்ம டோர் லாக்கப் போட்டுடு. இருநூறு சேத்து வாங்கிக்க.’

தாள் எழுதியவனைவிட
சம்பங்கிக்குத் தொழில் தெரியும்.
போட்டேன், அதையும்.

நாலாம் நாள் திம்மராயன் போன்.
பின்னால் ஒரு கண்டக்டர் ஓசூர் ஓசூர் என்று கத்துகிறான்.
‘நிறுத்திடு சாமி.’
கெடச்சிட்டாளா என்று கேட்டேன்.
பஸ் கிளம்புகிற சத்தம் மட்டும் வந்தது.
திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.
மிச்ச நாள் காசைத் திருப்பித் தருகிற வழக்கம் எங்களிடம் இல்லை.

அந்த வரியை எடுத்தேன். இடத்தை மூடவில்லை.
ஒன்பது நாற்பதுக்கு
இன்ஸ்பெக்டர் பூட்ஸுக்குக் கீழே
பதினோரு விநாடி எதுவும் ஓடவில்லை.
பழையபேட்டையிலிருந்து டோல்கேட் வரை
அத்தனை வீட்டிலும் வெறும் ரத்தம்.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது.
ஓடிப்போய் எடுத்தேன்.

‘என்னய்யா கேப்பு?’ என்றார் சம்பங்கி.

பூட்டை முன்னால் நகர்த்தினேன்.