உரிய பிரிவு

பதினொன்று நாற்பதுக்குச் சிவந்தது.
முதலில் என் கோட்தான் என்று நினைத்தேன்,
அப்படி நினைக்கத்தான் பழக்கியிருக்கிறார்கள்.
ஒரு வரியை அழித்தேன், திரும்பச் சேர்த்தேன்,
மறுபடி ஓட்டினேன். சிவப்பு.
பக்கத்து இருக்கை யாசின்
எதையுமே மாற்றாமல் ஓட்டிப் பார்த்தான்.
அவனுக்கும் சிவப்பு.
லேசாகச் சந்தோஷம் வந்ததை
ஒப்புக்கொள்ள வேண்டும்.

இலந்தைக்குளம், மூன்றாவது மாடி.
கண்ணாடிக்கு வெளியே ரிங் ரோட்டில்
லாரிகள் தூத்துக்குடிக்குப் போகின்றன.
சரக்கை எங்கே இறக்குவதென்று
அவற்றுக்குத் தெரியும்.

லாக்கில் நாலாயிரம் வரி.
மூவாயிரத்துச் சொச்சம் வரை
நலம், நலமறிய ஆவல்.
கடைசிக்கு முந்தைய வரியில்தான்
பந்தியில் சாம்பார் தீர்ந்ததைச் சொல்லும் குரலில்
சர்வர் சொல்கிறது:
டிஸ்கில் இடமில்லை.

டிக்கெட் போட்டேன்:
பில்ட் வேலை செய்யவில்லை. மிக மிக அவசரம்.
ஹெல்ப்டெஸ்க்: லேப்டாப்பை அணைத்து மறுபடி போடவும்.
நெட்வொர்க்: எங்கள் பக்கம் எல்லாம் பச்சை.
கிளவுட்: உரிய பிரிவை அணுகவும்.
உரிய பிரிவு எது என்று கேட்டேன்.
டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இதே சொல்லை அப்பா வைத்திருக்கிறார்,
பட்டா பெயர்மாற்ற மனுவின் மூலையில்,
ஊதா முத்திரையாக.
செக்கானூரணிக்கும் திருமங்கலத்துக்குமாய்
எட்டு மாதம்.

ஒருமுறை மாட்டுத்தாவணியில் ஒரு குடும்பம்,
பெட்டி, சீர்த்தட்டு, தோளில் தூங்கும் பிள்ளை,
அவசரம் அவசரம் என்று கத்திக்கொண்டிருந்தது.
எல்லா பஸ்ஸும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
டைம் கீப்பர் நிமிராமல் கேட்டார்,
எந்த ஊரு?
கம்பம்.
ஆரப்பாளையம் போங்க.

அவசரத்தை அழித்தேன். மூன்று மிகவையும்.
எந்த மெஷின், எத்தனை மணியிலிருந்து,
எத்தனை பேர் நிற்கிறோம்,
என்ன செய்து பார்த்தோம்,
சாம்பார் தீர்ந்த அந்த ஒரு வரி அப்படியே.
மூன்று வருடத்துக்கு முந்தைய மெயிலின் அடியில்
ஒரு பிரிவின் பெயரையும் நம்பரையும்
யாசின் தோண்டி எடுத்தான்.

இரண்டாவது ரிங்கில் எடுத்தார்.
நவமணி பேசுறேன்.
பின்னால் ஒரு குழந்தை இருமியது.
"அந்த மெஷினா? ரெண்டு நாளா நெறஞ்சு கெடக்கே.
எங்களுக்கு ஒருத்தரும் எழுதலையே."
பழைய பில்டுகளைக் கழித்துப் போட
ஆறு நிமிடம்.
அலாரத்தையும் சரி செய்யணும், என்றார்,
தனக்குத்தானே.

இரண்டு பத்துக்குப் பச்சை.
யாசின் மேசையில் கவிழ்ந்து தூங்கிவிட்டான்.
அந்த நம்பரை மஞ்சள் சீட்டில் எழுதி
மானிட்டரில் ஒட்டினேன்.

விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட வேண்டும்:
"பணிந்து கேட்டுக்கொள்கிறேன்" நாலு இடத்தில் வேண்டாம்,
சர்வே எண் முதல் வரியில் வரட்டும்.
யாருக்கு எழுதச் சொல்வது என்பதுதான்
இன்னும் தெரியவில்லை.