குளி தெற்றியது

மூன்று மாதமாய்க் குளி தெற்றியிருக்கிறது.
எங்கள் பக்கம் இதற்கு
இந்த ஒரு பேச்சுதான்.
பிள்ளை உண்டானாலும் அதுதான்,
இனி உண்டாகாது என்றாலும் அதுதான்.

புதுக்கடை அண்டியாபீஸில்
இருபத்தாறு வருடமாக ஒரே பலகை எனக்கு.
வறுத்த அண்டியை நெட்டுக்குத்தாய்ப் பிடித்துக்
கொட்டாப்புளியால் ஒரு தட்டு.
பருப்பு முழுசாய் விழ வேண்டும்,
உடைந்தால் உடைந்த விலை.
சாம்பலில் தோய்த்தாலும் விரல்நுனி கறுப்புதான்.
மூத்தவனுக்குப் பால் கொடுத்த நாளில்
கறை படுமென்று பயந்து
புறங்கையால் தள்ளித் தள்ளித்தான்
மாரை அவன் வாயில் வைத்தேன்.

ஆபீஸுக்கு ஒற்றை ஜன்னல்.
அதன் கீழே விஜிலா, ஏழாம் மாசம்.
கழுத்து மடிப்பில் கறுப்பு ஏறிவிட்டது.
கணுக்காலை அமுக்கினால் விழுகிற குழி
மெல்ல, மெல்லத்தான் நிரம்புகிறது.
சோப்பு போட்டும் எண்ணெய் போட்டும் கழலாத மோதிரத்தைத்
தட்டானிடம் போய் வெட்டிக்கொண்டு வந்தாள்.
இரண்டு வாரமாய் அதற்காக அழுகை வேறு.

எனக்குப் பதினொரு மணிக்கு வரும்.
முதலில் காது, பிறகு பிடரி.
அண்டி வறுக்கிற டிரம்மை
யாரோ என் விலாவுக்குள் உருட்டுகிறார்கள்.
இடியும் இல்லை, இருட்டவும் இல்லை,
இடவப்பாதி மாதிரி ஒரே கொட்டல்.
நின்றபின் குளிர்கிறது.

"கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் இருக்கட்டா?"
மேஸ்திரி தலை நிமிர்த்தாமலே கேட்டான்:
"அக்காவுக்கும் விசேஷம் உண்டோ?"
நாற்பது கொட்டாப்புளியும் ஒரு நொடி நின்றன.
பிறகு சிரிப்பு.
நானும்தான் சிரித்தேன்.
ராத்திரி படுத்துக்கொண்டு
விரல்விட்டு எண்ணினேன்.

சனிக்கிழமை, மார்த்தாண்டம்.
பாலத்துக்குக் கீழே, ஆளறியாத மருந்துக்கடை.
"மகளுக்கா?"
"ம்."
எனக்கு இரண்டும் ஆண்கள்.
குடைக்குள் சுருட்டி வைத்துக் கொண்டுவந்தேன்.

விடியுமுன் கக்கூஸில்
செல்போன் வெளிச்சத்தில் குந்தியிருந்தேன்.
ஐந்து நிமிடம் பொறுக்கணுமாம்.
அந்த ஐந்து நிமிடத்தில்
கத்தாரிலிருந்து அவர் வந்துபோன தேதி,
சின்னவனின் கல்லூரி பீஸ்,
சபையில் எந்தப் பெஞ்சில்
இந்த வயிற்றோடு போய் உட்காருவது என்று
எல்லாம் ஓடியது.
ஒரு பெயர்கூட வந்தது.
அதைச் சொல்ல மாட்டேன்.

ஒற்றைக் கோடு.

வாளித் தண்ணீரை ஊற்றினேன்.
அப்பாடா என்றுதான் இருந்தது.
பல் தேய்க்கும்போது,
கலைந்துபோன நடுப்பிள்ளை ஏனோ நினைவில் வந்தது.
இருந்தால் அதற்கு இப்போது
விஜிலாவின் வயது.
சாயா போட்டேன், சர்க்கரை மறந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணி.
காது சுடத் தொடங்குகிறது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
விஜிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு
நகர்ந்து நகர்ந்து பாதிப் பலகையைக் காலியாக்கி
"அக்கா, இஞ்ச இரியும்" என்றாள்.

காற்று அப்படியொன்றும் வரவில்லை.
அவள் வேர்வை என் தோளில்,
என் வேர்வை அவள் தோளில்.
தட்டப் போகிற நேரத்தில்
உள்ளே இருந்து ஒரு உதை
என் முழங்கையில் விழுந்தது.
கை தவறி
பருப்பு இரண்டாய்ப் பிளந்தது.

மேஸ்திரி தராசுப் பக்கம் நின்றான்.
சட்டென்று ஆளுக்குப் பாதி
வாயில் போட்டுக்கொண்டோம்,
தோலோடு.